மைக்கில் சொன்ன ஜெபம்

ஜூலை 9, புதன். இன்றைய தவறு: உபவாசக் கூட்டத்தில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக ஜெபித்தபோது, தையற்காரம்மாவின் மூத்த மகனைச் சொல்வதற்குப் பதிலாக இளையவனைச் சொல்லிவிட்டேன். இளையவன் முன்வரிசையில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தான். பிறகுதான் கவனித்தேன்.

இவ்வளவு எழுதிவிட்டுப் பாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். நாளுக்கு ஒரு தவறு, இரண்டு மூன்று வரி, அதற்கு மேல் இல்லை. மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வேத வகுப்புக்குப் போன காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பாட்டு எண்ணை மாற்றிச் சொன்னது, ஒரு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனது, டிரம் அடிப்பவனிடம் சிடுசிடுத்தது என்று வருஷக்கணக்காக எழுதி வருகிறார். எழுதி முடித்ததும் மனசு கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆகிவிடும். படுத்ததும் தூக்கம் வந்துவிடும்.

அன்றும் வந்தது. அதே கூட்டத்தில், காய்ச்சல்காரப் பிள்ளைக்காக ஜெபித்து முடித்த சற்று நேரத்தில் அவர் செய்த இன்னொரு காரியம் அவருக்குத் தவறாகவே படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கண்ணீர் விட்டுச் செய்த காரியம் அது.

கீழே பட்டறை, மேலே சபை. தகரக் கூரை போட்ட நீளமான ஹால், நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேடை, அதில் ஒரு மைக். ஹாலுக்குப் பின்னால் ஒரு மரக்கதவு. அதைத் தாண்டினால் பாஸ்டரின் வீடு: முன்னறை, உள்ளறை, இரண்டிலிருந்தும் கதவு வைத்த சமையலறை, சமையலறையை ஒட்டி இறங்கும் பின்படி. மழைக்காலத்தில் ஹாலில் நாலு இடத்தில் ஒழுகும். எந்த ஒழுக்குக்கு எந்த வாளி என்று அவர் மனைவி பாஸ்டரம்மாவுக்கு மனப்பாடம். பிரசங்கம் நடக்கும்போது சொட்டுச் சத்தம் கேட்காமல் இருக்க வாளிக்குள் பழைய துணியைப் போட்டு வைப்பார். பட்டறையிலிருந்து எந்நேரமும் வார்னிஷ் வாசனை ஏறி வரும். புதிதாகச் சபைக்கு வருகிறவர்கள் மூக்கைத் தேய்ப்பார்கள். பழகியவர்களுக்கு அது ஆராதனையின் வாசனையாகவே ஆகிவிட்டது.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன், திங்கட்கிழமை, அடைமழையில், அவர்களுடைய ஒரே மகள் பின்படி வழியாக ஏறி வந்தாள். தோளில் ஒரு பை. தலைத்துணியைக் கன்னத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். பாஸ்டர் முன்னறையில் உட்கார்ந்து சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வாலிப ஊழியர்களுக்கான கூட்டம். 'ஊழியப் பாதையில் நான் கற்றுக்கொண்டவை' என்று தலைப்புக் கொடுத்து, அவர் படத்தையும் போட்டு அழைப்பிதழ் அடித்திருந்தார்கள்.

"என்னம்மா இந்த மழையில?" என்றார்.

"பல் வலிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளறைக்குப் போனாள். தாழ் விழும் சத்தம் கேட்டது.

பாஸ்டர் குறிப்புக்குத் திரும்பிவிட்டார். அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் மகள் ரொட்டியை டீயில் ஊற வைத்து, ஒரு பக்கமாக ஒதுக்கி விழுங்கியதைப் பார்த்தார். பல் வலிக்கு இது அதிகம் என்று அப்போதுதான் தோன்றியது.

செவ்வாய் மதியம் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பாஸ்டரம்மா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். பாஸ்டர் வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

"பல் டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதுதானே. எதுக்கு இப்படி ரொட்டியை ஊற வச்சு ஊற வச்சு..."

"பல் இல்ல. தாடை."

"விழுந்துட்டாளா?"

"விழ வச்சான்."

"யாரு?"

பாஸ்டரம்மா களைந்த தண்ணீரைக் கவிழ்த்தார். "அந்த வீட்டுல எத்தனை பேரு இருக்காங்க, யாருன்னு கேட்கிறதுக்கு?"

அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான். மகளும் மருமகனும். மருமகனைச் சபையில் 'சின்னவர்' என்பார்கள். நல்ல குரல். முதல் பாட்டிலேயே கண் கலங்கிவிடும். பாஸ்டரே கைப்பிடித்துப் பழக்கிய ஆள். பேசக் கற்றுக்கொடுத்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிளைச் சபையைத் தொடங்கி அவன் கையில் சாவியைக் கொடுத்தது, மூன்று வருஷத்துக்கு முன் பெண்ணையும் கொடுத்தது எல்லாம் அவர்தான். கிளைச் சபையில் இப்போது நூறு பேருக்கு மேல் வருகிறார்கள்.

"அவன் அப்படிப்பட்டவன் இல்லையே" என்றார் பாஸ்டர். "ஜெபிக்கும்போது எப்படி அழுவான்."

"அழுவானாம். அடிச்சு முடிச்சதும் காலைப் பிடிச்சுட்டு அழுவானாம். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் முழங்கால் போடணுமாம். முதல் வருஷத்திலிருந்தே இப்படித்தானாம்."

"முதல் வருஷத்திலிருந்தா? நம்மகிட்ட சொல்லவே இல்லையே."

பாஸ்டரம்மா அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு, ஈரக் கையோடு அவர் பக்கம் திரும்பினார். "இப்பவும் உங்ககிட்ட சொல்லாதேன்னுதான் சொன்னா. எனக்குத்தான் மனசு கேட்கலை. நல்லாக் கேளுங்க. அவ சிநேகிதி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில இவளுக்கும் வேலை சொல்லியிருக்கு. தூரத்து ஊரு. ஹாஸ்டல்ல அறை வர்ற திங்கக்கிழமைதான் காலியாகுது. சிநேகிதிக்குப் பிரசவம், துணைக்குப் போறேன்னு அவன்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கா. அவனும் நம்பியிருக்கான். திங்கக்கிழமை வரைக்கும் அவ இங்க இருக்கிறது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது."

"தெரியாது."

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. சபை மூப்பருங்ககிட்டயும்."

"விடமாட்டேன்னு சொல்றேன்ல."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் நினைத்தார். அன்று மாலை பட்டறையில் போய் உட்கார்ந்தபோதுகூட வாய் திறக்கவில்லை. பட்டறைக்காரரும் பாஸ்டரும் ஒரே முதலாளியிடம் வேலை கற்றவர்கள். பட்டறைக்காரர் சபைக்கு வருவதில்லை. வாடகையை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொண்டு, "இது என் காணிக்கை, இதோட விட்டுருங்கண்ணே" என்பார். பாஸ்டர் மனக்கலக்கமாக இருக்கும்போதெல்லாம் கீழே இறங்கி, முக்காலியில் உட்கார்ந்து, மர அச்சில் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பார். கை தானாக எண்ணிக்கொள்ளும்.

"என்ன அண்ணே, இன்னைக்குக் கம்பியை இந்த இழு இழுக்கிறீங்க. கம்பி உங்களை என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணுமில்ல."

"சனிக்கிழமைப் பேச்சா? என்ன கத்துக்கிட்டோம்னு யோசிக்கிறீங்களாக்கும்."

"ஏழு குறிப்பு வச்சிருக்கேன்."

"ஏழா? எனக்கு இந்தத் தொழில்ல ஒண்ணே ஒண்ணுதான். வாடிக்கைக்காரன் எதிர்ல மோட்டாரைத் திறக்காதே. திறந்தா அவன் போற வரைக்கும் நமக்கு யோசனை சொல்லிட்டே இருப்பான்."

பாஸ்டர் சிரித்தார். ஆனால் அச்சு கையில் நின்றுவிட்டது. முப்பது வயதில் இதே முக்காலியில் உட்கார்ந்திருந்த ஆள், அடித்தவன் எவனாக இருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பார். இப்போது இருக்கும் ஆளுக்கு அது தெரியவில்லை. மனசு பொங்கினால் முழங்கால் போடுவது என்ற ஒன்றுதான் தெரிந்தது.

புதன்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். கடைசி ஜெபத்தில் பாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே முழங்காலிட்டார். தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது. அதனால் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "ஆண்டவரே, என் கூரைக்குள்ளே ஒரு பிள்ளை அழுகிறாளே. அவளை அடித்த கையை நீர் பார்க்கவில்லையா? அவள் தகப்பன் நான் என்ன செய்வேன்?" என்று ஆரம்பித்தவர், அவள் மெல்ல முடியாமல் ரொட்டியை ஊற வைத்து விழுங்குவதுவரை நிறுத்தாமல் சொன்னார். யார் பெயரையும் சொல்லவில்லை. எந்த இடத்தையும் சொல்லவில்லை. ஹாலே தேம்பியது. எழுந்தபோது பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ராத்திரி பிஸ்கெட் தின்ற பிள்ளையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் படுத்தார்.

அந்தச் சபைக்கு ஒரு ஏற்பாடு உண்டு. 'ஜெபச் சங்கிலி' என்று பெயர். பாஸ்டர்தான் ஏற்படுத்தினார். யாருக்காவது கஷ்டம் என்றால் முதல் பெண் இரண்டாவது பெண்ணுக்குப் போன் செய்வாள். இரண்டாமவள் மூன்றாமவளுக்கு. இப்படியே கடைசி வரை. கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் ஜெபிக்க வேண்டும். பெண்கள் தங்களை 'வளையம்' என்று சொல்லிக்கொள்வார்கள். "நான் ஏழாவது வளையம், எட்டாவதுக்கு லைன் கிடைக்கலை" என்று கடைத்தெருவில் நின்று கவலைப்படுவார்கள். வேறு சபைக்காரர்கள் வந்து எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டுப் போயிருக்கிறார்கள். சனிக்கிழமைப் பேச்சில் பாஸ்டரின் மூன்றாவது குறிப்பே அதுதான்.

வியாழன் காலை முதல் வளையமான தையற்காரம்மா அரை டஜன் ஆரஞ்சோடு வந்து நின்றார்.

"பாப்பா எப்படிம்மா இருக்கு? நேத்து ஐயா ஜெபிச்சப்போ எங்க ஈரக்குலையே நடுங்கிருச்சு."

பாஸ்டரம்மா வாசலை அடைத்து நின்றார். "பாப்பா அவ வீட்டுல இருக்கா."

"சரிம்மா. நான் ஒண்ணும் கேட்கலை. எனக்கு எதுக்கு? ஜெபிக்கிறதோட சரி. நேத்து ராத்திரியே சங்கிலியில விட்டாச்சு."

"சங்கிலியிலயா?"

"எல்லாரும் முழங்கால்ல நிக்கிறாங்கம்மா. இருபதாவது வளையத்துக்கு மேல ஆத்துக்கு அந்தப் பக்கம், நம்ம கிளைச் சபைக்காரங்க. அவங்க இன்னும் உருக்கமா ஜெபிப்பாங்க. அவங்க பாஸ்டரம்மா ஆச்சே நம்ம பாப்பா." பழத்தை நீட்டினார். "உரிச்சுச் சாறா குடுங்க. மெல்ல முடியாதுல்ல."

தையற்காரம்மா நல்லவர். அதில் சந்தேகமே இல்லை. அவர் படியிறங்கும்வரை பாஸ்டரம்மா ஆரஞ்சுப் பையைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டுப் பட்டறைக்கு இறங்கினார். அவர் பட்டறைக்குள் கால் வைத்தே பல காலம் ஆகிறது. பட்டறைக்காரர் பேச்சை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"மேல வாங்க" என்றார் கணவரிடம்.

படிக்கட்டின் நடுவிலேயே நின்று கேட்டார். "நேத்து என்ன ஜெபிச்சீங்க?"

பாஸ்டருக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. "நான் யாருகிட்டயும் சொல்லலையே. ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்."

"மைக்ல சொன்னீங்க."

"பேர் சொல்லலை."

"உங்களுக்கு எத்தனை மக?"

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவருக்கு மைக் எதுக்குங்க?" பாஸ்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "சின்ன வயசுல பாயை நனைச்சதைக்கூட இப்படித்தான் ஜெபத்துல சொன்னீங்க. சபையே சிரிச்சுச்சு. அன்னையிலிருந்து அவ உங்ககிட்ட எதையும் சொல்றதில்ல. நான்தான் நடுவுல இருந்து சொல்லிட்டிருந்தேன். என் புத்தியைச் சொல்லணும்."

"அவகிட்ட நான் பேசறேன்."

"வேணாம். இப்ப அவ காது கேட்காத மாதிரிதான் இருக்கா. ஹாஸ்டலுக்குப் போன் பண்ணிக் கேட்டாச்சு. திங்கக்கிழமைக்கு முன்னாடி அறை இல்லையாம்."

அன்று பகல் முழுக்க ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். ஒருவர் பால் கொண்டுவந்தார், ஒருவர் களிம்பு. எல்லோரும் கிசுகிசுப்பாகவே பேசினார்கள். எதையும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்கள். உள்ளறைத் தாழ் திறக்கவில்லை. பாஸ்டர் முன்னறையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பேக்கரி அக்கா வந்தாள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். ஐம்பது வயது இருக்கும். முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. சபையில் எப்போதும் இடது ஓரத்து நாற்காலியில்தான் உட்காருவாள். அந்த இடம் அவளுக்கு ராசி போல என்று பாஸ்டர் நினைத்துக்கொள்வார். அவள் கொண்டுவந்த மெத்தென்ற ரொட்டியைப் பாஸ்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, போகாமல் பாஸ்டர் எதிரில் வந்து நின்றாள்.

"ஐயா, பாப்பாவைத் திருப்பி அனுப்புவீங்களா?"

"இன்னும் அதைப் பத்திப் பேசலைம்மா."

அவள் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். "என்ன சொன்னீங்க?"

"இன்னும் பேசலைன்னேன்." பாஸ்டர் அவளையே பார்த்தார். "இடது காது கேட்காதா?"

"கேட்காது."

"எப்போதிலிருந்து?"

"நீங்க என்னை ரெண்டாவது தடவை கொண்டுபோய் விட்டீங்களே, அதுக்கு அப்புறம்."

பாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. அவள் மூன்று முறை பையோடு வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று முறையும் அவர் புருஷனை வரவழைத்து, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசி, கைகளைச் சேர்த்துப் பிடித்து ஜெபித்து, தானே கூடப் போய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். வழியில் அந்தப் புருஷன் அவருக்கு டீகூட வாங்கிக் கொடுத்தான். சேர்ந்துவிட்ட குடும்பம் என்று அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

"என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா."

"சொன்னா அதுக்கும் ஜெபிப்பீங்களேன்னு விட்டுட்டேன்." அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொன்ன மாதிரி இல்லை. மாவு எவ்வளவு வேண்டும் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். "அந்த மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார். எனக்கு இப்ப ஒண்ணும் இல்லை. பாப்பாவுக்குச் சின்ன வயசு, அதான் கேட்டேன்."

அவள் சமையலறைக்குப் போய்ப் பாஸ்டரம்மாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் பின்படி வழியாக இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை மழை விடவே இல்லை. நாலு வாளியும் நிரம்பி, பாஸ்டரம்மா ஐந்தாவதாகச் சோற்றுப் பானை ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். விளக்குப் போடும் நேரத்துக்குக் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பட்டறைக்காரர் வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டது மேலே எட்டியது. "யாரு, சின்னவரா? என்ன இந்த மழையில, இவ்வளவு தூரம்?"

சின்னவர் தனியாக வரவில்லை. கிளைச் சபையின் மூப்பரான மருந்துக்கடைக்காரரும் கூட வந்திருந்தார். இருவரும் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்கள். சின்னவர் வீட்டில் பாஸ்டரை மாமா என்றுதான் கூப்பிடுவான். அன்று ஐயா என்றான்.

"ஐயா, உள்ளே வரலாமா?"

பாஸ்டர் எழுந்தார். இத்தனை வருஷமாக இந்த வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு புருஷனிடமும் சொன்ன சொல் யோசனை இல்லாமலே வாயில் வந்தது. "வாங்க. உட்காருங்க. பேசிக்கலாம்."

உட்கார்ந்தார்கள். பாஸ்டரம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். துண்டு கொடுக்கவில்லை, டீ வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

சின்னவர் முகத்தைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டான். "சபை முழுக்க முழங்கால்ல நின்னு ஜெபிக்குது ஐயா. எதுக்குன்னு நான் அவங்ககிட்டேயே கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு. என் தலையை எங்க வச்சுக்கிறது? ஆனா கோபமா வரலை. என்மேல தப்பு இருக்கு. நான் உடைஞ்சு போய் வந்திருக்கேன்." கண் நிரம்பியது. "அவளைக் கூட்டிட்டுப் போறேன். இனிமே அப்படி நடக்காது."

"எப்படி நடக்காது?" என்று பாஸ்டரம்மா அங்கிருந்தே கேட்டார்.

"அத்தை, கோபத்துல கை..."

"கையா? ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் வாயே திறக்க முடியலை அவளுக்கு."

மருந்துக்கடைக்காரர் குறுக்கே வந்தார். "அம்மா, பெரியவங்க நீங்களே இப்படிப் பேசலாமா? ஒரு பக்கம் மட்டும் கேட்டா எப்படி? சின்னவர் இல்லைன்னா எங்க சபை நாளைக்கே சிதறிப் போயிரும். நூறு குடும்பம். அதையும் யோசிக்கணும்ல. ஐயாவுக்குத் தெரியாதது இல்லை. எத்தனை குடும்பத்தைச் சேர்த்து வச்சவர்."

"நீங்க கத்துக்கொடுத்ததுதான் ஐயா" என்றான் சின்னவர். "பிரிஞ்சு இருந்தா சாத்தானுக்கு இடம் கொடுக்கிறோம், ஒரு ராத்திரிகூடத் தனியா இருக்கக் கூடாதுன்னு சொல்வீங்க. இதே அறையில, இதே நாற்காலியில எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க, நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். ஜெபிச்சு அனுப்புங்க. நான் பத்திரமாக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் நாற்காலியிலிருந்து இறங்கி முழங்காலிட்டான். மூப்பரும் இறங்கினார். இருவரும் தலையைக் குனிந்தார்கள். பாஸ்டர் ஜெபிக்க வேண்டிய இடம் அது.

அவரும் கண்ணை மூடினார். முதல் சொல் தொண்டை வரை வந்து நின்றது. அது எந்தச் சொல் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் மற்றவை தானாக வரும், குரல் தழுதழுக்கும், இவன் தேம்புவான், மூப்பர் ஆமென் என்பார், உள்ளே தாழ் திறக்கும். எல்லாம் சுமுகமாக முடியும். பேக்கரி அக்காளின் புருஷன் வாங்கிக் கொடுத்த டீயின் சூடு நாக்கில் தெரிந்தது. பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்காமலே கண்ணைத் திறந்தார்.

மூப்பர் கண்ணை இறுக மூடியிருந்தார். சின்னவர் மூடவில்லை. கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருந்தது. கண் மட்டும் காய்ந்துபோய், உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் ஆகும் என்று பஸ்ஸை எதிர்பார்க்கிறவன் பார்ப்பதைப் போல. எத்தனை வருஷம் பக்கத்தில் நின்று ஜெபித்திருக்கிறான். ஒருநாளும் பாஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை.

"எழுந்திருங்க" என்றார்.

மூப்பர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஜெபம்..."

"ஜெபம் இல்லை. எழுந்து போங்க ரெண்டு பேரும்."

"மாமா" என்றான் சின்னவர். குரல் மாறிவிட்டது. "அவ என் பொண்டாட்டி."

"அவ இங்கேயிருந்து வரமாட்டா. நான் இருக்கிற வரைக்கும் இந்த வாசல்படியை நீ மிதிக்கக்கூடாது."

சின்னவர் எழுந்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி சரிந்தது. பாஸ்டருக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான் இருந்தது. அடிப்பான் என்றுதான் பாஸ்டரம்மா நினைத்தார். படியில் காலடிச் சத்தம் கேட்டது. பட்டறைக்காரர் கையில் பெரிய ஸ்பேனரோடு வாசலில் வந்து நின்றுகொண்டு, "அண்ணே, மேல கரண்ட் இருக்கான்னு பார்க்க வந்தேன்" என்றார்.

மின்விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது. மருந்துக்கடைக்காரர் சின்னவரின் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது அவர் சொல்லிவிட்டுப் போனார். "உங்க பாசத்துக்காக நூறு குடும்பத்தைத் தெருவுல விடறீங்க ஐயா. இதுக்கெல்லாம் நீங்கதான் கணக்குச் சொல்லணும்."

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருக்கோடியைத் தாண்டிப் போனதும் பாஸ்டர் சரிந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். உள்ளறைக் கதவுக்குப் போனார். இத்தனை வருஷ ஊழியத்தில் முதல்முறையாகத் தெளிவாக ஒன்றைச் செய்துவிட்டதாகத் தோன்றியது. தட்டினார்.

"அம்மா, அவனை அனுப்பிட்டேன். திறம்மா."

மறுபடி தட்டினார். பாஸ்டரம்மா பின்னால் வந்து, எட்டிக் கதவைத் தள்ளினார். கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. பை இல்லை.

"எங்க?"

"போயிட்டா."

"எப்போ? நான் இங்கேயே..."

"அவன் உள்ளே வந்தப்போ 'உட்காருங்க, பேசிக்கலாம்'னு சொன்னீங்க பாருங்க. அந்த வார்த்தை காதுல விழுந்ததும் பையை எடுத்துட்டா. பேசி முடிச்சா அடுத்தது என்னன்னு அவளுக்குத் தெரியாதா? இந்த ஹால்லதானே வளர்ந்தா. சமையலறைப் பக்கமா வந்தா, நான் பின்கதவைத் திறந்துவிட்டேன்."

"ஆனா நான் அவனை அனுப்பிட்டேனே."

"அனுப்பினீங்க" என்றார் பாஸ்டரம்மா. "நான் பார்த்தேன். அவ பார்க்கலை."

"இந்த மழையில எங்க போயிருக்கா?"

"சொல்லமாட்டேன்."

பாஸ்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. பதிலும் அவ்வளவுதான் என்பது தெரிந்தது.

"நல்ல இடமா? அதையாவது சொல்லேன்."

"அதையும் சொல்லமாட்டேங்க. நீங்க ராத்திரி தூக்கத்துல எழுந்து ஜெபிக்கிறவர்."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "சரி. சொல்லாதே" என்றார்.

சனிக்கிழமைக் கூட்டத்தை நடத்துகிறவரிடமிருந்து அன்று ராத்திரியே போன் வந்தது. வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார். பாஸ்டர் தன்னால் வர முடியாது என்றார். உடம்பு சரியில்லையா ஐயா, ஜெபிக்கிறோம் என்றார் அவர். உடம்பு நல்லாத்தான் இருக்கு, ஜெபிக்க வேண்டாம் என்றார் பாஸ்டர். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். வைத்த கையோடு தையற்காரம்மாவைக் கூப்பிட்டு, சங்கிலியை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்றார். "நாங்க என்ன ஐயா தப்புப் பண்ணினோம்?" என்று அந்த அம்மா அழுதார். "நீங்க ஒண்ணும் பண்ணலைம்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்தப் பதிலில் அவருக்கு ஆறுதல் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

பாஸ்டரம்மா சோற்றை வடித்துவிட்டு வந்து, எதிரில் தரையில் உட்கார்ந்தார். இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

"போலீஸ், கோர்ட்டு, இதெல்லாம் அவ முடிவு பண்ணட்டும்" என்றார். "நாம முந்திக்க வேணாம். உங்க கையில இருக்கிறது ஒண்ணுதான்."

"என்ன?"

"அந்தச் சபைச் சாவியை அவன்கிட்டயிருந்து திருப்பி வாங்கிடுங்க. அங்க எத்தனை பொம்பளைங்க அவன்கிட்ட குடும்பப் பிரச்சனைன்னு போய் நிக்கிறாங்களோ."

"சாவியை வாங்கினா நூறு பேரும் என்னைத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"காரணம் கேட்பாங்களே. என்ன சொல்றது?"

"அவன் ஊழியத்துக்குத் தகுதியில்லை, அவனை அங்க வச்சது நான்தான், என் தப்புன்னு சொல்லுங்க. அவ பேச்சை எடுக்காதீங்க. அழாதீங்க."

பாஸ்டர் தலையாட்டினார். சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினார். குடையில் ஒரு கம்பி ஒடிந்திருந்தது. அதைக் கட்டிச் சரிசெய்து கதவோரம் வைத்தார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகும் முதல் பஸ் விடிந்ததும் ஆறு மணிக்கு. அதில் போக வேண்டும். சின்னவரிடமிருந்து சாவியை வாங்க வேண்டும். கொடுக்காவிட்டால் பூட்டை உடைத்துப் புதுப் பூட்டுப் போட வேண்டும். வாசலில் நின்று, வருகிறவர்களிடம் ஒவ்வொருவராக, அவனை இங்கே வைத்தது என் தப்பு என்று மட்டும் சொல்ல வேண்டும்.